களிமண் முற்றத்தில் நாய்க்குச் செயற்கைப் புல்: முதலில் தண்ணீருக்கு வழி

செயற்கைப் புல் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது புல்லைப் பற்றித்தான். எத்தனை மில்லிமீட்டர், சதுர அடி என்ன விலை, எத்தனை வருஷம் வரும். நான் முதலில் கேட்பது வேறு: "உங்க மனை முன்னால வயலா, விளையா?" விளை என்றால் தென்னை, வாழை நிற்கிற மேட்டு நிலம். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிவாகிவிடும்.

நான் இந்தத் தொழிலைக் கற்றது ஷார்ஜாவில், வில்லாக்களுக்குப் புல் விரிக்கும் கம்பெனியில். அங்கே அடியில் மணல். மேலே ஊற்றுகிற தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிடும். மழையும் அபூர்வம். இப்போது தேரூரில் இருந்துகொண்டு நாகர்கோவிலைச் சுற்றி வேலை செய்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டிப் பக்கம் வயலை மண் போட்டு நிரத்தி வீடு கட்டிய மனைகள் ஏராளம். மேலே ஒன்றிரண்டு அடி சரல் (சிறு கல் கலந்த மண்), அதற்குக் கீழே கறுத்த வயல் களி. கல்குளம், விளவங்கோடு பக்கம் சரலும் செம்மண்ணும் அதிகம்தான். ஆனால் அங்கேயும் ஏலாவை, அதாவது வயல்வெளியை, ஒட்டிய மனைகளில் களி வந்துவிடும். இதன் மேல் நமக்கு இரண்டு மழைக்காலம்: ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. 2021 நவம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். களிமண்ணில் தண்ணீர் கீழே போகாது. பக்கவாட்டில்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்த வழியை முதலில் செய்துவிட்டு, புல்லைக் கடைசியில் யோசியுங்கள். மனிதர் மட்டும் நடக்கிற புல்லாக இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும். நாய் மூத்திரம் போகிற இடத்தில் தண்ணீர் தேங்கினால் வீடு முழுக்க நாறும். நாயின் காலும் புண்ணாகும்.

மண்ணைப் பார்ப்பது

பூதப்பாண்டியில் ஒரு டீச்சர் வீட்டில் இப்படிக் கேட்டார்கள்: "தம்பி, ஒன்றரை அடிக்குச் சரல் அடிச்சுதானே வீடு கட்டியிருக்கோம். அப்புறம் என்ன களிமண்?" நியாயமான கேள்விதான். ஆனால் சரல் மண்ணில் நைசான களியும் கலந்திருக்கும். லாரி ஏறி இறங்கி அமுங்கியபின் அது ரோடு மாதிரி இறுகிவிடும். அப்படியே தண்ணீர் இறங்கினாலும் கீழே உள்ள வயல் களியில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் சரல் போட்ட முற்றத்திலும் மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் செருப்பு பதிகிறது.

சோதிப்பது எளிது. பாரையால் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். தண்ணீர் நிறைய ஊற்றி இறங்க விடுங்கள். மறுபடியும் நிறைத்து, ஒரு குச்சியில் மட்டத்தை அடையாளம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அரை இஞ்சுகூட இறங்கவில்லை என்றால், நீங்கள் களிமண்ணோடுதான் வேலை செய்யப் போகிறீர்கள். குழியிலிருந்து எடுத்த ஈர மண்ணைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு இஞ்சு நீளத்துக்கு உடையாமல் வந்தால் நல்ல கெட்டிக் களி.

இப்போது ஒரு கணக்கு. 10 அடிக்கு 20 அடி முற்றம், 200 சதுர அடி. ஒரு இஞ்சு மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் சுமார் 470 லிட்டர். நாலு இஞ்சு கனத்துக்கு ஜல்லி போட்டிருக்கிறீர்கள் என்றால், ஜல்லிக்கு நடுவில் உள்ள வெற்றிடம் ஏறக்குறைய நாற்பது சதவீதம். அது கொள்ளும் தண்ணீர் ஒன்றரை இஞ்சு மழைக்குத்தான் சரியாக இருக்கும். களி மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட அது காலியாக இருபது மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். வெளியேறும் வழி இல்லாமல் களியில் குழி வெட்டி ஜல்லி நிரப்புவது ஓட்டையில்லாத அண்டாவைப் புதைப்பதுதான். இத்தனை நாள் இறங்கிய மூத்திரமெல்லாம் அந்தத் தண்ணீரோடு மேலே ஏறி வந்து புல்லின் அடியில் நிற்கும்.

மொட்டை மாடித் தண்ணீரும் ஓட்டுத் தண்ணீரும் இந்த இடத்தில் விழவே கூடாது. பைப் வைத்து வேறு பக்கம் திருப்பிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

எப்போது வெட்டுவது

மாசி, பங்குனி. அதாவது பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. களி அப்போதுதான் வெட்டினால் துண்டாக வரும். கையில் ஒட்டாது, காலடியில் நெளியாது. ஈரக் களியில் வைப்ரேட்டர் ஓட்டினால் தண்ணீர் மேலே ஏறி மண் மெத்தை போல ஆடும். அதன் மேல் எவ்வளவு ஜல்லி போட்டாலும் உள்ளே அமுங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் யார் அவசரப்படுத்தினாலும் நான் வேலையைத் தள்ளி வைத்துவிடுவேன். காசு முக்கியம்தான், ஆனால் ஒரு வருஷத்தில் குழி விழுகிற வேலை எனக்கு வேண்டாம்.

சரிவும் பைப்பும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முற்றத்தில் எந்தப் பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். தென்னந்தடம், வாழைத் தடம், தாழ்ந்த விளை இவை நல்ல இடங்கள். கிணறு இருக்கும் பக்கம் கூடாது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கிணறும் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். வெளியேறும் வாய் எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. குளத்துக்கோ ஓடைக்கோ நேராக விடுவதும் சரியில்லை. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022 முதல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருப்பவை. அந்தத் தண்ணீரில் நாய் மூத்திரம் போய்ச் சேர வேண்டாம்.

களியை ஐந்து இஞ்சு ஆழத்துக்கு வெட்டுங்கள். முக்கியமான விஷயம்: அடித்தளக் களியையே சரிவாக வெட்ட வேண்டும். பலர் அடியைத் தட்டையாக வெட்டிவிட்டு மேலே ஜல்லியில் சரிவு கொடுக்கிறார்கள். தண்ணீர் நகர்வது களியின் முகத்தில்தான், ஜல்லியின் முகத்தில் இல்லை. பத்து அடிக்கு இரண்டு இஞ்சு சரிவு போதும். டியூப் லெவல் வைத்து நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மம்பட்டியால் செதுக்கியபின் ஒரு வாளித் தண்ணீரை மேல்பக்கம் ஊற்றினால் அது எங்கும் நிற்காமல் கீழ்ப்பக்கம் ஓடி வர வேண்டும். நின்றால் அந்த இடத்தைத் திரும்பச் செதுக்குங்கள். பதமாக அமுங்குகிற இடம் இருந்தால் அதை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுச் சரல் போட்டுத் திமிசால் இடியுங்கள்.

கீழ்ப்பக்க ஓரத்தில் நீளவாட்டில் ஒரு சால், அதாவது வாய்க்கால் மாதிரிப் பள்ளம், எடுங்கள். எட்டு இஞ்சு அகலம், களி முகத்திலிருந்து பத்து இஞ்சு ஆழம். இதில் நாலு இஞ்சு பிவிசி பைப் போகும். பைப்பின் அடிப்பாதியில், அரை அடிக்கு ஒன்றாக, எட்டு மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு வரிசை போட வேண்டும். ஓட்டை கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் சால் முழுக்க நிரம்பிய பிறகுதான் பைப்புக்குள் தண்ணீர் போகும். அடியில் இருந்தால் முதலில் வரும் தண்ணீரே உள்ளே போய்விடும். பைப்புக்கு நூறுக்கு ஒன்று சரிவு, அதாவது இருபது அடிக்கு இரண்டரை இஞ்சு. மேல் முனையில் ஒரு பெண்டு (வளைவு) போட்டுத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து மூடி வையுங்கள். பின்னால் ஓஸ் விட்டுக் கழுவ அது வேண்டும்.

தாழ்ந்த இடமே இல்லாத மனை என்றால்? பலர் உறிஞ்சுகுழி என்பார்கள். குழி களியைத் தாண்டி அடியில் இயற்கையாக உள்ள சரலுக்குள் இறங்கினால் மட்டுமே அது வேலை செய்யும். களிக்குள்ளேயே முடிந்தால் அதுவும் நிரம்பி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு சிமெண்ட் உறை (கிணற்று வளையம்) இறக்கி, அடியில் சிமெண்ட் போட்டு, மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டாரால் இறைத்துத் தோட்டத்துக்கு விடுவதுதான் வழி. உறையின் மேல் சிலாப் கண்டிப்பாக வேண்டும். நாய் விழுந்துவிடக் கூடாது, குழந்தையும் விழுந்துவிடக் கூடாது.

ஜல்லி, துணி, கரை

சாலிலும் களி முகத்திலும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். நெய்யாத வகை, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்). துண்டுக்குத் துண்டு ஓர் அடி மேலேறி இருக்கட்டும். இது இல்லாவிட்டால் களி மெல்ல மெல்ல ஜல்லிக்குள் ஏறி, இரண்டு மழைக்காலத்தில் வெற்றிடமெல்லாம் அடைந்துவிடும். தார்ப்பாயோ பிளாஸ்டிக் ஷீட்டோ இதற்கு மாற்று இல்லை. அதே துணியைப் புல்லுக்கு நேர் அடியில் மறுபடியும் விரிப்பவர்கள் இருக்கிறார்கள், களை வராது என்று. நாய் இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். மூத்திரம் அந்தத் துணியில் ஊறி அங்கேயே தங்கிவிடும்.

துணியின் மேல் முக்கால் இஞ்சு ஜல்லி நாலு இஞ்சு, அதன் மேல் கால் இஞ்சு சிப்ஸ் ஒரு இஞ்சு. 200 சதுர அடிக்கு ஜல்லி முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), சிப்ஸ் இருபது கன அடி என்று சொல்லிவிடலாம். சால் நிரப்பும் ஜல்லிக்குக் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு கன அடி. தூசி இல்லாமல் சலித்தது வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இறக்கியபின் ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கலங்கினால் திருப்பி அனுப்புங்கள். பாறைப்பொடி, எம் சாண்ட் இரண்டும் மட்டம் பிடிக்க அருமையாக இருக்கும். கொத்தனாருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நாய் மூத்திரம் அதில் தங்கும், நைசு மண் இறுகி ஓட்டத்தை அடைக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பு ஆணியைத் தின்றுவிடும். அள்ளுவதும் சட்டப்படி குற்றம்.

சுற்றிலும் கரை கட்ட வேண்டும். நாலு இஞ்சு சாலிட் பிளாக்கைக் கான்கிரீட்டில் நட்டு, சிப்ஸ் மட்டத்துக்கு மேல் புல் உயரத்துக்கு மட்டும் நிற்கும்படி வையுங்கள். மரச்சட்டம் போட்டால் கரையான் பிடிக்கும். நாய் தோண்டுவது எப்போதும் ஓரத்திலிருந்துதான், அதனால் புல்லைக் கரையோடு பிடிக்க வைக்க வேண்டும். யு வடிவ ஊசிகள் ஜல்லியில் பிடிக்காது. கரையின் உள்முகத்தில் பியூ (பாலியூரித்தேன்) பசை தடவி, அதன் மேல் அலுமினியப் பட்டை வைத்து, முக்கால் அடிக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அடிப்பது என் பழக்கம். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் மாதிரிக் கடலோரமாக இருந்தால் ஸ்க்ரூ 316 தரம் கேட்டு வாங்குங்கள். சாதா இரும்பு துருப்பிடித்து நாயின் பாதத்தைக் கிழிக்கும்.

புல்லைத் தேர்ந்தெடுப்பது

25 முதல் 30 மில்லிமீட்டர் உயரம் நாய்க்குப் போதும். 40, 50 மில்லிமீட்டர் கடையில் மெத்தென்று அழகாக இருக்கும். ஆனால் மலம் அதில் சிக்கிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். லேடெக்ஸ் பூச்சு தொடர்ந்து நனைந்தால் நாளடைவில் உதிரும். பாலியூரித்தேன் பூச்சு விலை கூடுதல், நாய்க்கு அதுதான் சரி. அடியில் ஓட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சாம்பிள் துண்டைக் கையில் பிடித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி வழிந்தால் அது ஆபீஸ் பால்கனிக்கான புல். ஈயம் கலக்காதது என்பதற்குச் சோதனைச் சான்றும் கேளுங்கள். குட்டி நாய் எதையும் கடிக்கும்.

ரோல் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலத்தில் வரும். விரித்து, வெயிலில் சில மணி நேரம் கிடக்க விடுங்கள், சுருக்கம் போகும். எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்புறத்திலிருந்து கத்தியால் வெட்டுங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில் அடியில் டேப் போட்டு, வெளியிடத்துக்கென்று வரும் பியூ பசையால் ஒட்டுங்கள். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையை வைத்துச் சமாளிக்காதீர்கள். கேட்டுக்குப் பக்கத்தில், நாய் பாய்ந்து திரும்பும் இடத்தில் இந்த ஒட்டு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இழைகளுக்கு நடுவே தூவுவதற்கு ரப்பர் குருணை வேண்டாம். சூடேறும், நாறும். ஜியோலைட் என்ற கனிமக் கல் நல்லது. நம் பக்கம் இறால் பண்ணைகளுக்குத் தீவனம், மருந்து விற்கும் கடைகளில் கிடைக்கும். குளத்து அம்மோனியாவைப் பிடிக்கத்தான் அவர்கள் அதைப் போடுகிறார்கள். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது வருவதும் அதே அம்மோனியாதான். பொடியாக வாங்காதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் குருணையாகக் கேளுங்கள். சதுர அடிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தூவி, விறைப்பான துடைப்பத்தால் இழைக்குள் இறக்குங்கள்.

முற்றம் ஏற்கெனவே கான்கிரீட் தளமாக இருந்தால் இவ்வளவு வெட்டுவேலை இல்லை. மொட்டை மாடித் தோட்டத்துக்குப் போடும் டிரெய்னேஜ் செல் தட்டுகளை விரித்து அதன் மேல் புல் போடலாம், தளத்துக்குச் சரிவு இருந்தால்.

நாய்க்காகச் சில விஷயங்கள்

நேர் வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும். மதியம் உங்கள் புறங்கையை ஏழு விநாடி அதில் வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. ஷேட் நெட் கட்டுங்கள், அல்லது மாமர நிழல் விழும் பக்கம் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தென்னை அடியில் போடாதீர்கள். தேங்காயும் மட்டையும் நாய் மேல் விழும்.

முற்றம் முழுக்கப் புல் போட வேண்டும் என்று கேட்பவர்களிடம் ஒரு மூலையை விட்டுவிடச் சொல்வேன். அங்கே ஒரு வண்டிச் செம்மண் கொட்டி வையுங்கள். தோண்டுவது நாயின் சுபாவம். அதற்கென்று ஓர் இடம் இருந்தால் புல்லின் ஓரத்தைத் தொடாது. ராஜபாளையம் வளர்க்கிறவர்கள் வெள்ளை உடம்பெல்லாம் சேறு என்று சங்கடப்படுவார்கள். வெட்டி எடுத்த களியை அங்கே போடாமல் சரல் கலந்த செம்மண் போட்டால் காய்ந்ததும் தட்டினாலே உதிர்ந்துவிடும். வெட்டிய களி, ஏறக்குறைய ஒரு யூனிட் வரும், தென்னந்தடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

தினமும் மூத்திரம் போன இடத்தில் ஓஸ் பிடியுங்கள். வாரம் ஒருமுறை என்சைம் கிளீனர். கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்து, சிறிது நேரம் கழித்துக் கழுவிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரமின் வாயு வரும். ஃபினாயிலும் வேண்டாம், நாய் பாதத்தை நக்கும். சாப்பாட்டுத் தட்டைப் புல்லில் வைத்தால் எறும்பு வரும்.

எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். அது நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் வரும். மழைக்கு முன்பு கால்நடை மருத்துவரிடம் காட்டி அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், வருஷா வருஷம் போட வேண்டியது அது.

மே கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை அந்தப் பைப் மூடியைத் திறந்து ஓஸ் விடுங்கள். மறுமுனையில் தண்ணீர் தெளிவாக, உடனே வர வேண்டும். கலங்கலாக வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது. தயங்கி வந்தால் இலையோ தென்னை வேரோ அடைத்திருக்கிறது. கலங்கலாக வந்தால் மழைக்கு முன்பே ஓரத்துப் பட்டையைக் கழற்றி, புல்லை மடக்கி, சால் பக்கத்து ஜல்லியை எடுத்துத் துணியைச் சரி செய்துவிடுங்கள்.